பன்னிரண்டு சதவீதமும் என் பிடிவாதங்களும்

நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்த ஆலோசகன் இல்லை. பங்குச் சந்தையைச் சூதாட்டம் என்று திட்டுகிற ஆளும் இல்லை. மாதம் பிறந்தால் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணை) தன்பாட்டுக்குக் கணக்கிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் பணத்தைப் பற்றி எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அவற்றை எந்த நிதி ஆலோசகரிடம் சொன்னாலும் "சார், ஒரு நிமிஷம்" என்று லேப்டாப்பில் எக்செல்லைத் திறந்துவிடுகிறார். எக்செல்லில் நான் தோற்பேன், அது எனக்கும் தெரியும். என் சண்டையெல்லாம் அந்த எக்செல்லில் அவர்கள் போடுகிற முதல் எண்ணோடுதான்.

அந்த எண் 12. எஸ்ஐபி கால்குலேட்டர் எதைத் திறந்தாலும் பெரும்பாலும் 12 சதவீதம் என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறார்கள். மாதம் 10,000 ரூபாய், 20 வருடம், 12 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1 கோடி. கேட்கவே நன்றாக இருக்கிறது, மகள் கல்யாணம், ஊரில் ஒரு வீடு என்று மனசு ஓட ஆரம்பித்துவிடுகிறது. சரி, அதே கட்டத்தில் 10 என்று மாற்றிப் பாருங்கள், 76 லட்சம். 8 என்றால் 59 லட்சம். 12-லிருந்து 10-க்கு இறங்கினால் காணாமல் போகிற தொகை 20 வருடமாக நாம் கையிலிருந்து போட்ட மொத்தப் பணத்துக்கு (24 லட்சம்) ஏறக்குறைய சமம். இவ்வளவு பெரிய விஷயம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கிறது, அதை நிரப்புவது நாமும் இல்லை, சந்தையும் இல்லை, ஆப் செய்தவர்.

நீண்ட காலத்தில் பங்குகள் மேலேதான் போகும் என்பார்கள். அநேகமாகப் போகும் என்றுதான் நானும் நினைக்கிறேன், இல்லாவிட்டால் எஸ்ஐபி எதற்கு? ஆனால் கட்டாயம் போகும், நமக்குத் தேவைப்படுகிற வருடத்துக்குள் போகும் என்று சொல்லும்போதுதான் நான் விலகிக்கொள்கிறேன். பங்கு ஊழலில் சிக்கிய தரகர் ஹர்ஷத் மேத்தா காலத்தில், 1992 ஏப்ரலில், மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் 4,400-ஐத் தாண்டியது. 11 வருடம் கழித்து 2003 ஏப்ரலில் அது 3,000 பக்கத்தில் நின்றது. நடுவில் கம்பெனிகள் லாபத்திலிருந்து கொடுத்த டிவிடெண்டைக் கூட்டிக்கொண்டாலும் விலைவாசிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அதே காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் தபால் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்று போட்ட பிபிஎஃப் என்கிற அரசுச் சேமிப்புக் கணக்கு, 2000 ஜனவரி வரைக்கும் 12 சதவீதம் கொடுத்தது, அதற்கப்புறம்தான் படிப்படியாகக் குறைந்தது. 1992-ல் அதில் போட்ட 10,000 ரூபாய் 2003-ல் 30,000-ஐத் தாண்டியிருக்கும். நீண்ட காலம் என்றால் எவ்வளவு நீளம் என்று ஜப்பானியரைக் கேட்கலாம். 1989 டிசம்பர் 29-ஆம் தேதி அவர்களுடைய பங்குக் குறியீடான நிக்கெய் 38,915-ல் முடிந்தது. அந்த உச்சத்தை அது மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22-ல். முப்பதாவது வயதில் முதலீடு போட்டவர் ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு.

இதற்கு வரும் பதில் எனக்கு மனப்பாடம். "உச்சியில் வாங்கிப் பள்ளத்தில் விற்றவனைக் காட்டுகிறாய், எஸ்ஐபி போட்டிருந்தால் சராசரியாகியிருக்கும்." முதல் சில வருடங்களுக்கு இது உண்மைதான். சந்தை விழுந்தால் அதிக யூனிட் கிடைக்கிறது, நல்லது. ஆனால் பத்தொன்பதாவது வருடத்தில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். உள்ளே 80, 90 லட்சம் இருக்கிறது, அந்த மாதம் நீங்கள் போடுவது 10,000. இப்போது சந்தை 35 சதவீதம் இறங்கினால் அந்த 10,000 எதைச் சராசரியாக்கும்? கடைசிக் கட்டத்தில் எஸ்ஐபி என்பது ஒரே தவணையில் போட்ட பெரும்பணம் மாதிரியேதான் நடந்துகொள்ளும். 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 25,981-ல் முடிந்தது. அந்த மார்ச் 31-ஆம் தேதி ஓய்வு பெற்றவர்கள் இந்தியாவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்தத் தேதியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பிறந்த தேதி தேர்ந்தெடுத்தது. அந்த முறை நவம்பருக்குள் சந்தை மீண்டுவிட்டது, அதிர்ஷ்டம். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டு விழுந்தது அதே இடத்தை மறுபடி எட்டிப் பார்க்க 2010 நவம்பர் ஆயிற்று, அதைத் தாண்டிப் போக 2013-ன் கடைசி ஆயிற்று.

சராசரி வருமானம் என்பது ஆயிரம் பேருக்குச் சரியாக வரும். நான் ஒருத்தன், எனக்கு ஒரு தடவைதான் 60 வயது ஆகும்.

அதனால் ஐம்பது வயதிலிருந்தே பங்குகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஓய்வுக்கு அப்புறம் முதல் பத்து வருடச் செலவு சந்தை இருக்கிற தெருப்பக்கமே போகக்கூடாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் (2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம், 30 லட்சம் வரை போடலாம்), பிபிஎஃப், வங்கி டெபாசிட், அவ்வளவுதான். ஆலோசகர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். 60-க்கு மேல் 25 வருடம் வாழ வேண்டும், பணவீக்கம் தின்றுவிடும், பாதியாவது ஈக்விட்டியில் (பங்குகளில்) இருக்கட்டும் என்பார்கள். தின்னும்தான். ஆனால் பணவீக்கம் மெதுவாகத் தின்கிறது, அதற்கு ஏற்றபடி செலவைத் திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கிறது. சந்தை மூன்று மாதத்தில் தின்றுவிடும்.

இதில் சென்னை ஐடிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வரி. ஓஎம்ஆரில் வேலை, ஓஎம்ஆரிலேயே கடனில் வாங்கிய ஃபிளாட், கம்பெனி கொடுத்த பங்குகள், மேற்கொண்டு டெக்னாலஜி ஃபண்டில் எஸ்ஐபி. இவர் நாலு இடத்தில் பிரித்துப் போட்டிருப்பதாக நினைக்கிறார். அமெரிக்காவில் ஒரு பெரிய தும்மல் வந்தால் சம்பளம், ஃபிளாட் விலை, பங்கு, ஃபண்ட் எல்லாம் ஒரே வாரத்தில் ஜலதோஷம் பிடித்துப் படுக்கும். வேலை போவதும் சந்தை விழுவதும் ஒரே சமயத்தில்தான் வரும், 2008-ல் அப்படித்தான் வந்தது. ஆறு மாதச் செலவுக்கு அவசர நிதி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஐடி ஊழியருக்கு ஆறு மாதம் இன்டர்வியூ கூப்பிடுவார்களா என்று காத்திருப்பதற்கே சரியாகப் போய்விடும். என் கணக்கு இரண்டு வருடம். அவ்வளவு பணத்தைச் சும்மா வைப்பதா என்றால், ஆமாம், சும்மாதான்.

இப்போது வீட்டுக்கடன். இதில்தான் எனக்கும் தொழில்முறை ஆட்களுக்கும் கொஞ்சமும் ஒத்துப்போவதில்லை. அவர்கள் சொல்வது இது: கடன் 8.5 சதவீதம், சந்தை 12 சதவீதம், அதனால் கையில் இருக்கிற உபரிப் பணத்தைக் கடனில் கட்டாதே, ஃபண்டில் போடு, வித்தியாசம் உனக்கு லாபம். கேட்டால் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆலோசகரிடமே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், என் வீட்டுக்குக் கடனே இல்லை. பத்திரத்தை வங்கியில் வைத்து 8.5 சதவீதத்தில் 50 லட்சம் வாங்கி நிஃப்டி ஃபண்டில் போடலாம் என்று இருக்கிறேன்." அடுத்த நிமிடம் திட்டு விழும், குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் போகிறாயா என்பார். அடைக்க முடிந்த கடனை அடைக்காமல் அந்தப் பணத்தைச் சந்தையில் போடுவதும் இதேதானே? பத்திரம் இரண்டிலும் வங்கியில்தான் இருக்கிறது, பணம் இரண்டிலும் சந்தையில்தான் இருக்கிறது. ஒன்று பைத்தியக்காரத்தனம், இன்னொன்று புத்திசாலித்தனம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்று, 8.5-ஐ 12-ஓடு ஒப்பிடுவதே தப்பு. கடனை அடைத்தால் மிச்சமாகிற 8.5 சதவீதம் நிச்சயமானது, அதற்கு வரி கிடையாது. சந்தையின் 12 வந்தால் வரும், வந்தாலும் 2024 ஜூலைக்கு அப்புறம் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால லாபத்தில் 12.5 சதவீதம் வரி. நிச்சயமானதை நிச்சயமானதோடு வைத்துப் பார்த்தால் 7 சதவீத எஃப்டி (வங்கி டெபாசிட்), 30 சதவீத வரிக்காரருக்குக் கையில் நிற்பது 5 சதவீதத்துக்கும் கீழே. நிச்சயமாக, வரியில்லாமல் 8.5 சதவீதம் தருகிற திட்டம் ஒன்று வந்தால் நாமெல்லாம் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்போம். அந்தத் திட்டம் ஏற்கெனவே நம் கடன் கணக்கில் இருக்கிறது. வட்டிக்கு வரிச்சலுகை உண்டே என்பார்கள். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு, தாங்களே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு அந்த 2 லட்சம் கழிவு கிடையாது.

50 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 43,400. மொத்த வட்டி மட்டும் 54 லட்சம், அசலையே தாண்டுகிறது. வருடத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டுங்கள், போனஸ் வரும்போது கட்டினால் வலிக்காது, கடன் பதினாறரை வருடத்தில் முடிந்துவிடும், வட்டியில் 10 லட்சத்துக்கு மேல் மிச்சம். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதமும் கிடையாது. கட்டும்போது ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று. கேட்காமல் விட்டால் எதைச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5 ஆனபோது நிறையப் பேருக்கு இஎம்ஐ அப்படியே இருந்தது, காலம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டுகொண்டே போனது. அறுபது வயதைத் தாண்டியும் கட்டவேண்டிய கடனாக அது மாறிவிட்டதைப் பலர் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. கடனில் கட்டிய பணம் திரும்ப வராது, அவசரத்துக்குச் செங்கல்லை உருவி விற்க முடியாது. அதனால்தான் அந்த இரண்டு வருட அவசர நிதி முதலில், கடன் அடைப்பது அதற்கு அப்புறம். ஓவர்டிராஃப்ட் வசதியுள்ள வீட்டுக்கடன் கிடைத்தால் இன்னும் நல்லது, கட்டியதை வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி, கடனில் கட்டாத உபரிப் பணத்தை ஒழுங்காக மாதாமாதம் ஃபண்டில் போடுகிற மனிதர் எக்செல்லில் மட்டும்தான் வாழ்கிறார். எனக்குத் தெரிந்த மனிதர்களிடம் அது புது போனாகவும் கோவா டிக்கெட்டாகவும் மாறுகிறது.

தங்கம். மொத்தச் சொத்தில் 5 முதல் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், அது ஒன்றையும் உற்பத்தி செய்வதில்லை, வட்டி தராது, பெட்டியில் தூங்கும் என்பது பாடம். நான் கால்பங்கு வரை வைத்துக்கொள்வதில் தப்பில்லை என்பேன். விலை ஏறியிருப்பதால் சொல்வதாக நினைக்கவேண்டாம். 2012-ல் 10 கிராம் 30,000 சுமாருக்கு விற்றது, 2018-லும் அதே சுமார்தான். அந்த ஆறு வருடம் தங்கம் வைத்திருந்தவர்களைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். நான் தங்கத்தை வைத்திருப்பது ரூபாயின் மேல் இருக்கிற ஒரு சின்ன அவநம்பிக்கைக்காக. அந்த அவநம்பிக்கை என்னுடையது மட்டும் இல்லை. 1991-ல் அந்நியச் செலாவணி வற்றியபோது ரிசர்வ் வங்கியே சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்துத்தான் டாலர் வாங்கியது. 2009-ல் அதே ரிசர்வ் வங்கி சர்வதேச நிதியமான ஐஎம்எஃப்பிடமிருந்து 200 டன் வாங்கிப் போட்டது. நம் அத்தைகள் காலங்காலமாகச் செய்வதைத்தான் நாடும் செய்தது, அத்தையை மட்டும் விவரம் தெரியாதவர் என்கிறோம்.

நகை முதலீடே இல்லை, செய்கூலி சேதாரத்தில் பணம் போய்விடுகிறது என்பதும் சரி. லாபத்துக்கு என்றால் நகை வாங்காதீர்கள், நாணயமோ, பங்கு மாதிரி சந்தையில் வாங்கும் தங்க ஃபண்டான இடிஎஃப்போ வாங்குங்கள். ஆனால் நகைக்கு வேறு வேலை இருக்கிறது. பல வீடுகளில் பெண்களின் கையில், அவர்கள் முடிவுக்கு உட்பட்டு இருக்கிற ஒரே சொத்து அதுதான். ஃபிளாட் கணவர் பெயரில், டீமேட் (பங்குக் கணக்கு) கணவர் போனில், பாஸ்வேர்டு கணவர் மண்டையில். ஆஸ்பத்திரிச் செலவு என்றால் நகையைக் கொண்டுபோய் வைத்து அரை மணி நேரத்தில் பணத்தோடு திரும்பலாம், சின்னத் தொகைக்குச் சம்பளச் சீட்டு, ஐடி ரிட்டர்ன் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இதை எந்த ரிட்டர்ன் சதவீதத்தில் எழுதுவது? (2021-ல் கூட்டுறவு வங்கிகளில் 5 சவரன் வரைக்குமான நகைக்கடனைத் தமிழக அரசு நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்தது. மியூச்சுவல் ஃபண்டில் நஷ்டப்பட்டவருக்கு எந்தத் தேர்தலிலும் எந்தக் கட்சியும் எதுவும் அறிவிக்கப்போவதில்லை என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.)

முதலீட்டுக்கான தங்கத்தில் சிறந்தது அரசின் தங்கப் பத்திரம்தான், அது இருந்தவரைக்கும். 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்குக் கொடுத்த முதல் பத்திரத்தை 2023 நவம்பரில் 6,132 ரூபாய்க்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், நடுவில் வருடம் 2.75 சதவீதம் வட்டி வேறு, முதிர்வில் வரியும் இல்லை. 2024 பிப்ரவரிக்கு அப்புறம் புதிதாக வெளியிடவில்லை. கொடுத்து மாளவில்லை போலிருக்கிறது.

அடுத்ததற்கு இணையத்தில் எனக்கு நிச்சயம் உதை விழும். ஃபண்ட் கம்பெனியிடமே கமிஷன் இல்லாமல் வாங்குகிற டைரக்ட் பிளான்தான் வாங்க வேண்டும், ஏஜென்ட் மூலம் ரெகுலர் பிளான் வாங்குபவர் ஏமாளி என்று யூடியூபில் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். 2013 ஜனவரியில் டைரக்ட் வந்ததிலிருந்து இதே பாட்டு. வருடம் ஒரு சதவீதம் கமிஷன் போனால் மேலே சொன்ன அந்த 1 கோடியில் 13 லட்சம் குறையும், கணக்கு சரிதான். ஆனால் 2020 மார்ச்சில் டிவியைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் விற்கப் போன எத்தனையோ பேரை, ஊர்க்காரரான ஏஜென்ட் ஒருவர் போன் செய்து "அக்கா, ஒரு மாசம் பொறுங்க, நான் சொல்றேன்" என்று நிறுத்தியிருப்பார். அந்தப் போன் காலின் விலை 13 லட்சத்தைவிட அதிகமாகவே இருக்கலாம். தானாக நிதானமாக இருக்கத் தெரிந்தவர் டைரக்ட் வாங்கட்டும். தெரியாதவர் நல்ல ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பது செலவே இல்லை. நல்ல ஏஜென்ட் என்பதை அடிக்கோடிட வேண்டும், வருடத்துக்கு ஒரு புது ஃபண்ட் தலையில் கட்டிப் பழையதை விற்கச் சொல்பவர்களும் அதே தெருவில்தான் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள்.

எஃப்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஃப்டிக்குப் பதில் டெட் ஃபண்ட் (கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) என்று ஒரு காலத்தில் விழுந்து விழுந்து விற்றார்கள். 2020 ஏப்ரல் 23-ல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு டெட் திட்டங்களை ஒரே நாளில் மூடியது, சுமார் 25,000 கோடி ரூபாய் உள்ளே மாட்டிக்கொண்டது. பணம் பின்னால் தவணை தவணையாக வந்து சேர்ந்தது, ஆனால் கொரோனா ஊரடங்கில் கையில் காசு வேண்டியவருக்கு அப்புறம் வந்து என்ன பிரயோஜனம். 2023 ஏப்ரலிலிருந்து வாங்கும் டெட் ஃபண்டுகளுக்கு வரிச் சலுகையும் போய்விட்டது, எஃப்டி மாதிரியே வருமானத்தோடு சேர்த்து வரி. பிறகு எதற்கு? வங்கி ஒன்றுக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது. ஒரே வங்கியில் குவிக்காமல் பிரித்துப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

இவ்வளவு முரண்டு பிடித்தாலும் சில இடங்களில் நான் ஆலோசகர்களோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். இன்சூரன்ஸையும் முதலீட்டையும் கலக்காதே, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டெர்ம் பாலிசி மட்டும் எடு என்பதில் மறுபேச்சே இல்லை, உறவுக்கார ஏஜென்ட் வீட்டுக்கே வந்து காப்பி குடித்துக்கொண்டு கேட்டாலும் இல்லை. அப்புறம் எஃப் அண்ட் ஓ, அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம். நிபுணர்கள் சொல்வதையெல்லாம் கேட்காதே என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு யாராவது டெலிகிராம் சேனல் ஒன்றை நம்பி ஆப்ஷன் வாங்கப் போனால் பழி எனக்கு வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியே கணக்கெடுத்து வெளியிட்டிருக்கிறது. மீதி 7 சதவீதத்தில் நான் இருப்பேன் என்று சொல்கிறவரிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை, அவரை ஆலோசகரிடமே அனுப்பிவிடுகிறேன், எக்செல்லோடு.